பத்து மணித் தட்டு

றோலண்ட் அட்டன் டவுனுக்குப் போய் இரண்டு நாள் தங்கிப் படித்துவிட்டு வந்தான். என்ன படித்தான் என்கிறீர்களா, கண்ணுகளா? வீட்டில் சோறு தின்பது எப்படி என்று படித்தான். நாற்பத்தெட்டு வருடமாக அந்த வேலையை அவன் ஒருவர் தயவும் இல்லாமல் செய்துவந்தவன்தான். இருந்தாலும் முறையாகப் படித்துக்கொண்டால் நல்லதுதானே.

விலைவாசி ஏறிக்கிடக்கிற காலத்தில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் வாரச் சாப்பாட்டை முன்கூட்டியே திட்டம் போட்டுச் சமைத்தால் கையில் நாலு காசு மிஞ்சும் என்று ஒரு நிறுவனம் கண்டுபிடித்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆட்களைக் கூப்பிட்டது. அடுப்படியில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டால் மலையில் கொழுந்து பறிக்க ஆளிருக்காது. அதனால் தோட்டத்து நலன்புரிச் சங்கத்தில் பேர் கொடுத்திருந்த ஆண்களைக் கூட்டிப்போனார்கள். வாழ்நாளில் ஒரு வெங்காயத்துக்குக் கண்ணீர் விடாத பதினைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்து சிக்கனச் சமையல் படித்தார்கள். இரண்டு நாளும் பகலுக்குக் கோழி புரியாணி.

சனிக்கிழமை பின்னேரம் லிந்துலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் சுருட்டாத ஒரு பெரிய தாளை ஏந்திக்கொண்டு றோலண்ட் வரிசையாக ஒற்றையறை வீடுகள் ஒட்டிநிற்கும் லயத்துக்கு ஏறி வந்தான். மழை பட்டாலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய தாள். குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போகிற மாதிரி இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தான்.

அவன் மனைவி யூஜினா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை அவிழ்த்து வேலியில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் தாளோடு நேராக அடுப்படிக்குள் போவதைப் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்ததால், உள்ளே பூனை ஏதும் புகுந்துவிட்டதோ என்று பின்னாலேயே போனாள்.

புகை படிந்த சுவரில் நாலு ஆணி அடித்து அவன் தாளை மாட்டினான். ஏழு நாளுக்கு ஏழு வரிசை. காலை, பகல், இரவு என்று மூன்று கட்டம். கட்டத்துக்குள் மீன், கீரை, பழம் எல்லாம் வர்ணத்தில் சிரித்தன.

"என்னாங்க இது?"

"அட்டவண. இனிமே இந்த வீட்டுல இதுபடிதான் சாப்பாடு."

யூஜினா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் படித்தாள். "செவ்வாக்கெழம முருங்கக்கீரன்னு போட்டிருக்கு."

"ஆமா. இரும்புச்சத்து."

"இந்தக் குளிருல முருங்க எங்க வளருது?"

"அதுக்குப் பதிலா வேற கீர போட்டுக்கலாம்னு சொன்னாங்க."

"வேற கீரய நான் இருவது வருசமாப் போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அதச் சொல்றதுக்கா ஒங்கள அட்டன்ல ரெண்டு நாள் வச்சிருந்தாங்க?"

பயிற்சியில் அதையும் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஆரம்பத்தில் எதிர்ப்பு வரும், பொறுமையாகக் கையாள வேண்டும் என்று. றோலண்ட் பொறுமையாகக் கையாண்டான். ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டான்.

யூஜினாவுக்குத் திட்டம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தேங்காயை உடைத்தால் பாதி சம்பலுக்கு. மறு பாதியில் முதல் பால் பருப்புக்கு, இரண்டாம் பால் கிழங்குக்கு. பிழிந்த தேங்காய்ப் பூவை வறுத்து உறைக்கிற கொச்சிக்காயோடு இடித்தால் மறுநாள் காலைக்கு ஆச்சு. சிரட்டை அடுப்புக்கு. முட்டைக்கோவாவின் முற்றிய இலையும் நடுத்தண்டும் பருப்போடு வேகும். பீட்ரூட் வாங்கினால் கிழங்கு ஒரு நேரம், இலை ஒரு நேரம். வெள்ளிக்கிழமை மாமிசம் கிடையாது என்று மாதா கோயிலில் சொல்லியிருந்தார்கள். மற்ற ஆறு நாளும் கிடையாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். இத்தனையையும் அவள் எந்தச் சுவரிலும் எழுதி மாட்டவில்லை. மாட்டியிருந்தால் அவளையும் அட்டனுக்குக் கூப்பிட்டுப் புரியாணி கொடுத்திருப்பார்களோ என்னவோ.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு றோலண்ட் குரலை இறக்கினான்.

"சர்மிளாவுக்காகத்தான் புள்ள இதெல்லாம். மெஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்திட்டம்னா அவ இங்கயே இருப்பா."

சர்மிளா அவர்களுடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. தையல் வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். தைக்க மெஷின்தான் இல்லை. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கிறவள் மாதம் ஒருமுறை லயத்துக்கு வந்து, காம்பரா காம்பராவாகக் குனிந்து பார்த்துவிட்டுப் போவாள். சர்மிளாவோடு படித்த நாலு பேர் போய்விட்டார்கள். வருடப் பிறப்புக்கும் கிறிஸ்மஸ் பெருநாளுக்கும் வருகிறபோது அவர்கள் கன்னம் ஒட்டிப்போய், தலைமுடியை வெட்டிக்கொண்டு, கொழும்புப் பேச்சுப் பேசினார்கள். தன் மகளும் அப்படி ஒரு நாள் விருந்தாளியாக வந்து நிற்பதை யூஜினாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சரி," என்றாள். "எங்கேருந்து மிச்சம் புடிக்கிறது?"

றோலண்ட் அதற்கும் விடை வைத்திருந்தான். "தேங்காதான் திருடன். அத ஞாயித்துக்கெழம மட்டும் வச்சுக்குவோம்."

"மலைக்குக் கொண்டுபோற ரொட்டிக்கு?"

"ஒரு பச்சக் கொச்சிக்காயும் உப்பும் போதும். மலையில யாரு பாக்கப் போறா?"

தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிறவன் அவன். பசித்தால் பத்து எட்டில் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் போகிறவன். மலையில் யார் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாததில் வியப்பில்லை. அதைக் கற்றுக்கொடுக்க எந்த நிறுவனமும் அட்டனில் கூட்டம் போடவில்லை.

யார் பார்ப்பார்கள் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். பத்து மணிக்கு, காலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடித்ததும் ஏழாம் நம்பர் மலையில், சவுக்கு மரத்தடிப் பாறையில் ஆறு பெண்கள் உட்காருவார்கள். நடுவில் ராக்காயியின் எனாமல் தட்டு. ஓரத்தில் நீலக்கோடு போட்ட, அங்கங்கே அடிபட்டுக் கறுத்த பெரிய தட்டு. ராக்காயி அதைத் தினமும் கூடைக்குள் வைத்துக்கொண்டு வருவாள். ரொட்டி அவரவர் ரொட்டி. தொட்டுக்கொள்கிறது மட்டும் தட்டுக்குப் போய்விட வேண்டும். சம்பலோ, கருவாட்டுப் பொரியலோ, பருப்போ, வெறும் வெங்காயமோ, பெட்டியைத் திறந்ததும் தட்டில் கவிழ்த்துவிட வேண்டியது. பிறகு அது இன்னார் வீட்டுச் சம்பல் என்ற பேச்சில்லை. ஆறு கையும் ஒரே தட்டில். மழையில் நின்று, அட்டைக்கடி வாங்கி, கங்காணியிடம் பேச்சு வாங்கி, அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவர்கள் காலையைத் தள்ளினார்கள் என்றால் அது மிகையில்லை.

அந்தத் தட்டில் யூஜினாவின் சம்பலுக்கு ஒரு பேர் உண்டு. மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டு, கடைசியில் தேசிக்காய்ப் புளி பிழிந்து விடுவாள். அவள் பெட்டி திறக்கும்வரை மற்றவர்கள் ரொட்டியைப் பிய்க்காமல் காத்திருப்பதும், அவள் வேண்டுமென்றே மூடியோடு மல்லுக்கட்டுவதும் அங்கே தினசரி விளையாட்டு.

திங்கட்கிழமை அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு ரொட்டி, ஒரு கொச்சிக்காய், காகிதத்தில் மடித்த உப்பு.

"என்னாடி இது?" என்றாள் ராசம்மா. பக்கத்துக் காம்பராக்காரி, யூஜினாவோடு ஒரே வருடத்தில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவள்.

"எங்க வீட்டுல சட்டம் வந்திருக்கு," என்றாள் யூஜினா. "தேங்காய்க்கு ஊரடங்கு. ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய வரலாம்."

பாறை சிரித்தது. யூஜினாவும் சிரித்துக்கொண்டே தட்டில் கையை வைத்தாள். புருஷனை அவள் நடித்துக் காட்டினாள். ஆணி அடித்ததை, கிட்ட நின்று அழகு பார்த்ததை, 'இரும்புச்சத்து' என்று சொல்லும்போது புருவத்தை உயர்த்தியதை. ராக்காயிக்குச் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது. முதல் வாரம் அவள் பேச்சே தொட்டுக்கொள்கிறதாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் பேச்சு பழசாகிப்போனது. மூன்றாவது வாரம் அவள் கை தட்டுக்குப் போகிற வேகம் குறைந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லலாம். அவள் ஓரத்திலிருந்து கொஞ்சமாகத் தொட்டுக்கொள்வதைப் பார்த்து ராக்காயி தட்டை அவள் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினாள். அந்த ஒரு விரற்கடை யூஜினாவுக்கு நெஞ்சில் தைத்தது.

வீட்டிலோ றோலண்டுக்குக் கொண்டாட்டம். பழைய பால்மா டின் ஒன்றில் மிஞ்சியதைப் போட்டுவைத்தான். சனிக்கிழமைதோறும் அதை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பான். வைத்தியர் நெஞ்சைக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்.

"பாத்தியா? இவ்வளவு காலமும் இது எங்க போச்சு?"

"எங்க வயித்துக்குள்ளதான்," என்றாள் யூஜினா.

"நீ எதுக்கெடுத்தாலும் நொட்ட சொல்லு. திட்டம்னா திட்டந்தான். அந்த துஷாந்த் சேர் சொன்ன மாதிரியே நடக்குது."

துஷாந்த் சேர் என்பவர் அந்த நிறுவனத்துப் பிள்ளை. இருபத்தைந்து வயதிருக்கும். சேறு படாத சப்பாத்து. அந்த மாத நடுவில் தோட்டத்தைப் பார்க்க வந்தவர், பயிற்சிக்குப் போன பதினைந்து வீட்டில் ஒரு வீட்டுச் சுவரில் மட்டுமே தாள் இருந்ததைக் கண்டு றோலண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றப் பதினாலு வீட்டில் பெண்கள் தாளை வாங்கி, ஒழுகுகிற கூரைத் தகரத்துக்கு அடியில் செருகியிருந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரிகள். துஷாந்த் சேர் அடுப்படியையும் டின்னையும் படம் பிடித்தார். யூஜினாவையும் சர்மிளாவையும் தாளின் இரண்டு பக்கமும் நிற்கவைத்துப் பிடித்தார். "மாதிரிக் குடும்பம்," என்றார். அடுத்த மாதப் பௌர்ணமிப் போயா லீவன்று கூட்டம் வைத்து இந்தத் திட்டத்தை எல்லா லயத்துக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"மிஸ்ஸிஸ் றோலண்ட், நீங்களும் ரெண்டு வார்த்த பேசணும்."

"நான் என்னாத்தப் பேசுறது சேர்?"

"ஒங்க அனுபவத்த."

அவர் போன பிறகு சர்மிளா சொன்னாள், "அம்மா, எனக்கு மெஷின் பிந்தி வந்தாலும் பரவாயில்ல. ஒங்க மொகம் சரியில்ல."

"மொகத்த வச்சா தைக்கப் போற? போய் பாத்திரத்தக் கழுவு."

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, ராசம்மா பெட்டியைத் திறந்து சம்பலைத் தட்டில் போட்டாள். பிறகு ஒரு சின்ன வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து யூஜினாவின் மடியில் வைத்தாள்.

"இந்தா, ஒனக்குன்னு கொண்டாந்தேன்."

யூஜினா பொட்டலத்தைப் பார்த்தாள். அதற்குள் நெத்தலிக் கருவாடு பொரித்து வெங்காயம் போட்டது. ராசம்மா வீட்டில் நெத்தலி பொரிப்பது என்ன லேசான காரியமா?

"எனக்குன்னு என்னாத்துக்கு? தட்டுல போடு."

"தட்டுல போட்டா நீ எடுக்க மாட்டேங்கிறியே."

தட்டு வைத்த நாளிலிருந்து அங்கே 'உனக்கென்று' ஒரு கவளம் வந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ராசம்மாவின் புருஷன் கால் முறிந்து படுத்துக்கிடந்தான். ஏழு மாதம் அவள் வெறும் ரொட்டியோடுதான் மலைக்கு வந்தாள். அந்த ஏழு மாதமும் அவள் பெட்டியை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. தட்டு நடுவில் இருந்தது, அவள் கையும் அதில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று கொழுந்து பறித்துக்கொண்டே யூஜினா அதை யோசித்தாள். அன்றைக்கு ராசம்மாவிடம் இல்லை, அதனால் வெறுமனே வந்தாள். என் வீட்டிலோ டின் நிறைந்துகொண்டிருக்கிறது. மனிதர் சனிக்கிழமை அதை ஆட்டிப் பார்க்கிறார். அந்தச் சத்தம் எது? ராசம்மா வீட்டு நெத்தலி. ராக்காயி வீட்டுப் பருப்பு. அஞ்சு வீட்டுத் தேங்காயைத் தொட்டுத் தின்றுவிட்டு, என் வீட்டுத் தேங்காயை டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இத்தனை நாள் புருஷனை இளப்பமாகப் பேசிச் சிரித்தவள், தன்னை நினைத்துக் காறித் துப்ப வேண்டும் போல் நின்றாள். அவனுக்காவது தெரியாது. அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கையை நீட்டினாள்.

அன்று இரண்டு தளிரோடு முற்றிய இலையும் கூடைக்குள் போய், கங்காணி ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி துவைக்க உட்கார்ந்தாள். றோலண்டின் பெக்டரிச் சட்டையைக் கல்லில் போடுமுன் பையைத் துழாவினாள். நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று கையில் வந்தது. எண்ணெய் ஊறி, எழுத்துத் தெரியாமல், உள்ளே பொன்னிறத் துகள் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். மிளகு, மீன், பொரித்த மாவு. மற்றப் பையில் இன்னொரு துண்டு. அது இன்னும் பழசு.

பக்கத்தில் போர்வை அலசிக்கொண்டிருந்த ராக்காயி ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி போர்வையைப் பிழிந்தாள்.

"அக்கா, இது என்னா?"

"என்னையக் கேட்டா?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா தெரியுது, ஒங்களுக்குத் தெரியும்னு."

ராக்காயி பெருமூச்சு விட்டாள். "சந்திக் கடை ரோல்ஸ். நல்லாத்தான் இருக்கும். எம்மகன் த்ரீவீல நிப்பாட்டுற எடத்துக்கு நேர் எதுக்க. தெனம் அஞ்சு மணிக்கு ஒன் வீட்டுக்காரரு அங்கதான் நிக்கிறாராம். ரெண்டு ரோல்ஸ், ஒரு பால் தேத்தண்ணி. பாவம், பசிக்குமில்ல புள்ள. ராத்திரிக்கு நீ வெறும் பருப்பத்தான போடுற."

"வெறும் பருப்புன்னு அவருதான எழுதி மாட்டியிருக்காரு."

"மாட்டுறது வேற, திங்கிறது வேற," என்றாள் ராக்காயி.

யூஜினா இரண்டு துண்டையும் மறுபடி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சட்டையை மட்டும் அன்று அவள் துவைத்த துவையலில் கல் தேய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சத்து ஒன்றின் பேரைச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

போயா லீவு வந்தது. கூட்டம் பிள்ளைக்காம்பராவில். மலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. முழங்கால் உயரத்துச் சின்ன நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். துஷாந்த் சேருக்கும் றோலண்டுக்கும் மட்டும் ஆபீஸிலிருந்து பெரிய நாற்காலி வந்திருந்தது. வாசலில் பெட்டி பெட்டியாகப் பணிஸ் ரொட்டியும் பால் பைக்கற்றும். கூட்டம் முடியும்வரை தொடக்கூடாது.

றோலண்ட் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பெருநாள் சட்டை. திருப்பலியில் வாசகம் வாசிக்கிற குரலில் பேசினான்.

"நாங்க எல்லாரும் கஷ்டப்படுறதுக்குக் காரணம் என்னா? வருமானம் கொறவுன்னு சொல்லுவோம். இல்ல. திட்டம் இல்ல. பொம்பளைங்க காலையில எந்திரிச்சு, கையில என்னா அகப்படுதோ அதப் போட்டு ஆக்கிடுறாங்க. தேங்காய எடுத்துக்குங்க. தெனம் தேங்கா எதுக்கு? எங்க வீட்டுல ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழம மட்டுந்தான். யாரும் மெலிஞ்சு போகல. எம்மகளுக்கு மெஷின் வாங்குற அளவுக்கு மிஞ்சியிருக்கு."

யாரும் மெலிந்து போகவில்லை என்றபோது தன் வயிற்றை அவன் தடவிக்கொண்டான். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று.

துஷாந்த் சேர் கை தட்டினார். பிறகு புதுத் தாள்களை விநியோகித்தார். அதே மீன், அதே கீரை, அதே சிரிப்பு. ராசம்மா தன் தாளை வாங்கி மடியில் விரித்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவினாள். யூஜினாவின் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"நானும் தேங்காய நிறுத்திடலாம்னு இருக்கேன். ஒங்க வீட்டுல மெஷினே வாங்கப் போறீங்களாமே. எனக்கும் சின்னவளுக்குச் சப்பாத்து எடுக்கணும்."

அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் யூஜினா பேசாமல் இருந்திருப்பாள். ராசம்மா மனதார நம்பிச் சொன்னாள். இவர்கள் வீட்டில் நடந்திருக்கிறது, என் வீட்டிலும் நடக்கும் என்று.

"இப்ப மிஸ்ஸிஸ் றோலண்ட் ரெண்டு வார்த்த பேசுவாங்க," என்றார் துஷாந்த் சேர்.

சின்ன நாற்காலி யூஜினாவின் இடுப்போடு சேர்ந்து எழும்பியது. அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"சேர், இந்தத் தாள்ல பத்து மணி எங்க இருக்கு?"

"பத்து மணின்னா?"

"காலக் கொழுந்து நிறுத்துட்டு மலையில திங்கிறது."

"அது காலை உணவோட சேர்ந்துதான்..."

"சேராது சேர். காலையில நாங்க திங்கிறது வீட்டுல. பத்து மணிக்குத் திங்கிறது தட்டுல." அவள் ராக்காயியின் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தா இருக்காங்களே, அவங்க தட்டு. ஆறு பேரு கொண்டு வர்றதையும் அதுல கொட்டி ஆறு பேரும் திங்கிறோம். எங்க வீட்டுக்காரரு தேங்காய நிறுத்துனாரு. நான் வெறும் ரொட்டியக் கொண்டுபோனேன். தொட்டுக்க? இவங்க அஞ்சு பேரு வீட்டுச் சம்பல். ரெண்டு மாசமா. ராசம்மா எனக்குன்னு நெத்தலி பொரிச்சுக் கொண்டாந்தா. அவ வீட்டுல அவ புள்ளைங்களுக்கு அன்னைக்கு நெத்தலி கெடைச்சிருக்காது."

"யூஜினா," என்றான் றோலண்ட்.

"இருங்க, அனுபவத்தப் பேசச் சொன்னாரு சேர். பேசுறேன். எங்க டின்ல இருக்குறது நாங்க மிச்சம் புடிச்சது இல்ல சேர். இவங்க தேங்கா. அதுக்குத்தான் நீங்க படம் புடிச்சீங்க. இப்ப அதே தாள இவங்க எல்லாருக்கும் குடுத்திருக்கீங்க. நாளைக்கு ஆறு பேரும் வெறும் ரொட்டியோட வந்து உக்காருவோம். நடுவுல வெறும் தட்டு. அப்ப நாங்க யாரு வீட்டுச் சம்பலத் தொட்டு மிச்சம் புடிக்கிறதுன்னு அதையும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திட்டுப் போங்க."

முதலில் ராக்காயிதான் ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல், சின்ன நாற்காலி கிரீச்சிட, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போயிற்று. துஷாந்த் சேர் சிரிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். "நல்ல கருத்து," என்றார். "சமூகப் பகிர்வுன்னு ஒரு கட்டம் சேர்த்துக்கலாம்." அவ்வளவு படித்த பிள்ளை. அவள் சொன்னதில் அவருக்குப் பட்டது ஒரு கட்டம்.

ராசம்மா சிரிக்கவில்லை. தாளை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு யூஜினாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஏறி வருகிற வழியெல்லாம் றோலண்ட் பணிஸ் பைக்கற்றைக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்தான். உள்ளே போனதும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"நாலு பேருக்கு முன்னால என்னைய இப்பிடி ஆக்கிட்டியே புள்ள."

"நாலு பேருக்கு முன்னால பாதிதான் சொன்னேன்." யூஜினா இடுப்பிலிருந்து இரண்டு எண்ணெய்த் துண்டையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இந்தத் தாள்ல இல்லாதது பத்து மணி மட்டும் இல்ல. அஞ்சு மணியும் இல்ல."

றோலண்ட் துண்டைப் பார்த்தான். முகம் ஒரு சின்னப் பையன் முகம் மாதிரி ஆயிற்று. "பசிச்சுச்சு," என்றான்.

பொய் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு ஒரு கண நேரம் அவன் மேல் இரக்கம் வந்தது. ஒரு கண நேரந்தான்.

"எனக்கும்தான் பசிச்சுச்சு. நான் போய் அடுத்தவ வீட்டுல தின்னேன், நீங்க போய்க் கடையில தின்னீங்க. நம்ம வீட்டு அடுப்பு மட்டும் சிக்கனமா இருந்துச்சு." சர்மிளா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். யூஜினா அவளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நாளையிலேருந்து சந்திக் கடை ஞாயித்துக்கெழம மட்டும். தேங்கா தெனம். டின்னு இருக்கட்டும். மெஷின் பெருநாளுக்கு வரல்லன்னா ஈஸ்டருக்கு வரட்டும். அதுவர எம்புள்ள எங்கயும் போக மாட்டா."

"நான் எப்ப போறேன்னு சொன்னேன்?" என்றாள் சர்மிளா.

ஆணிகளை யூஜினாவே பிடுங்கினாள். தாளை எரிக்கலாமா என்று பார்த்தாள். பிளாஸ்டிக் எரிந்தால் நாறும். சுருட்டிப் போடலாமா என்றால் நல்ல வழவழப்பாக, கனமாக இருந்தது. துடைத்து, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, மாவு உருண்டையை வைத்துத் தட்டிப் பார்த்தாள். ரொட்டி ஒட்டாமல், வட்டமாக, அழகாகக் கழன்று வந்தது. அட்டனில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்ததற்கு இதுவாவது கிடைத்ததே. வெள்ளிக்கிழமை மீன் இருந்த இடத்தில் ரொட்டி கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் விடியுமுன் ஒரு முழுத் தேங்காயை உடைத்துப் பாதியைத் துருவினாள். கொச்சிக்காயும் வெங்காயமும் மாசியும் வைத்து இடித்தாள். இரண்டு மாதத்தில் பழக்கம் விட்டுப்போனதோ என்னவோ, உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பத்து மணிக்குப் பாறையில் ராக்காயி தட்டை வைத்தாள். யூஜினா பெட்டியின் மூடியைத் திறந்தாள். மல்லுக்கட்டவில்லை. ஒரே கவிழ்ப்பாகச் சம்பலைத் தட்டில் கொட்டினாள். ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்குடி, இதெல்லாம் என்னாத்துக்கு, பரவாயில்ல என்று ஒருத்தியும் சொல்லிவிடக் கூடாதே என்றிருந்தது யூஜினாவுக்கு. அப்படிச் சொன்னால், இனி இந்தப் பாறையில் அவள் எப்போதும் பாவப்பட்டவள்தான்.

ராசம்மா ரொட்டியைப் பிய்த்து, சம்பலை நடுவிலிருந்து அள்ளி வாயில் போட்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"அடியே, என்னா உப்பு இது. ரெண்டு மாசத்து உப்பயும் ஒரே நாள்ல கொட்டிட்டியா?"

"வேணும்னா தின்னு, இல்லன்னா ஒங்க வீட்டுச் சம்பலத் தின்னு," என்றாள் யூஜினா.

"எங்க வீட்டுச் சம்பலத்தான் நீ ரெண்டு மாசமாத் தின்னுட்டியே."

ராக்காயிக்கு மறுபடி தேத்தண்ணி மூக்கில் ஏறியது. யூஜினா சிரித்துக்கொண்டே தட்டின் நடுவில் கையை வைத்தாள். கங்காணி கூப்பிடுவதற்கு முன்பே, உப்பு கரித்த அந்தச் சம்பல்தான் முதலில் தீர்ந்தது.